வலப்பக்கம் வளையும் பந்து

எனக்குக் கோல்ஃப் விளையாடத் தெரியும் என்று சொன்னால் தர்மபுரத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். பெற்ற மகளே நம்பவில்லை. "அம்மா, அது காசுக்காரர் விளையாடுறதெல்லோ" என்றாள். காசுக்காரர் விளையாடுவதுதான். ஆனால் பளைப் பக்கத்து மணலில், மிதிவெடி அகற்றுகிற வேலை முடிந்த கையோடு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நானும் விளையாடியிருக்கிறேன். திறமாக அடித்த பந்துகளும் உண்டு, கேவலமாக அடித்ததும் உண்டு. கேவலமாக அடித்த ஒரு பந்தைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். இப்போது சிரித்துக்கொண்டு சொல்ல முடிகிறது. அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதினொரு வருடமாக நான் செய்கிற வேலை இது, இப்போது ஒரு அணிக்குத் தலைவியாகவும். விடிய நாலு மணிக்கு எழும்பி, பிட்டைக் கட்டிக்கொண்டு, வேலைத்தள பஸ்ஸைப் பிடித்து, ஆறு மணிக்கெல்லாம் லேனில் முழங்காலில் இருப்பேன். லேன் என்றால், ஆபத்தான நிலத்துக்குள் நாங்கள் ஒரு மீற்றர் அகலத்தில் துப்புரவாக்கிக்கொண்டு போகும் பாதை. டிடெக்டரை மண்ணுக்கு மேலே இடமும் வலமுமாக மெல்ல ஆட்டிப் பார்க்க வேண்டும். சத்தம் கேட்டால் அந்த இடத்தைப் பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிண்ட வேண்டும். பெரும்பாலும் ஆணி, தகரத் துண்டு, வெடித்த ரவையின் கோது. ஒன்றரை மணிக்கு வேலை முடியும், வெயில் அதற்குமேல் விடாது. பஸ் வர இரண்டேகால் ஆகும். நடுவில் இருக்கும் அந்த முக்கால் மணிநேரம்தான் எங்கள் கோல்ஃப் நேரம்.

கோல்ஃப் அடிக்கும் பொல்லுகள் எங்களிடம் வந்த கதை சின்னது. எங்களுக்கு மேலே இருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகும்போது, பாரம் கூடிப்போச்சு என்று தன் கோல்ஃப் பையை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். உள்ளே ஏழு பொல்லுகளும் ஒரு சொப்பிங் பை நிறையப் பந்துகளும் இருந்தன. எப்படிப் பிடிப்பது என்று இரண்டு தரம் காட்டினார், கை தந்தார், வாகனத்தில் ஏறினார். பையோடு நாங்கள் நின்றோம். மற்றவர்கள் ஒரு கிழமையில் அலுத்துப்போய் மரநிழலில் படுத்துவிட்டார்கள். விடாமல் நின்றது நானும், அம்புலன்ஸோடு இருக்கும் மருத்துவ உதவியாளரும்தான்.

அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். ஐம்பது தாண்டியவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்த குடும்பம். ஒருவருக்கும் ஒன்றும் நடக்காத நாளெல்லாம் அவருக்கு நல்ல நாள். அப்படி நல்ல நாட்கள் கூடிப்போனதால் அவருக்குக் கதைக்கவும், மற்றவர்களில் பிழை பிடிக்கவும், தொலைபேசியில் காணொளி பார்க்கவும் நிறைய நேரம் இருந்தது.

நாங்கள் அடித்தது ஒரு பழைய தென்னந்தோட்டத்தில். நாங்களே துப்புரவாக்கி உரிமையாளரிடம் கையளித்த காணி அது. தென்னைகள் போய்க் குற்றிகள்தான் நின்றன. பின்பக்கம் எங்கள் கூடாரங்களும் அம்புலன்ஸும். இடப்பக்கம் பனங்கூடல். வலப்பக்கம் ஒரு கிரவல் ரோட்டு. ரோட்டுக்கு அங்கால் ஆபத்து எல்லையைக் காட்ட நட்ட சிவப்புத் தடிகள், மண்டையோட்டுப் பலகை, இன்னும் தொடாத நிலம். ஆகவே முன்பக்கம் மட்டும்தான் அடிக்கலாம். இப்படியொரு இடத்தில் ஏன் விளையாடினீர்கள் என்று கேட்பீர்கள். வருடக்கணக்கில் சிவப்புத் தடிக்குப் பக்கத்தில் இருந்து சோறு தின்றவர்களுக்கு, அந்தத் தடி வேலியில் நட்ட கதியால்போல ஆகிவிடுகிறது. வெளியில் இருந்து வரும் யாரும் அந்த இடத்தில் பந்தை எடுத்திருக்கமாட்டார்கள். எங்களுக்குத்தான் பயம் விட்டுப்போயிருந்தது.

ஆசையும் இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆறு மணிநேரம் ஒரு விரலைக்கூட வேகமாக அசைக்காமல் இருந்துவிட்டு, எழும்பி, முகக்கவசத்தைக் கழற்றி, பொல்லை ஓங்கி ஒரு அடி அடிக்கும்போது உடம்பு முழுக்க ஒரு சுகம் ஓடும். பந்து போகும் சத்தத்துக்காகவே நான் விடியக் காத்திருந்த நாட்கள் உண்டு.

குட்டைப் பொல்லுகளில் எனக்குப் பிரச்சினை இல்லை. பந்து எழும்பி, நேராகப் போய், நான் நினைத்த குற்றிக்குப் பக்கத்தில் விழும். ஆனால் பொல்லு நீளநீள நிலைமை கெட்டுக்கொண்டே போகும். எல்லாவற்றிலும் நீளமானதுக்குப் பெரிய மண்டை இருந்தது, அதற்குப் பெயரும் 'பெரிய மண்டை'தான். அதால் அடித்தால் பந்து நேராகத்தான் புறப்படும். பாதி வழியில் மனம் மாறி வலப்பக்கம் வளையும். ஒவ்வொரு தரமும் வலப்பக்கம்தான். ரோட்டு ஓரத்தில் இரண்டு பந்துகள் போய் விழுந்த அன்று அண்ணை ஒரு சட்டம் போட்டார்.

"தங்கச்சி, நீர் இனிப் பெரிசைத் தொடக்கூடாது. உம்மட பந்து நேரா றோட்டைத் தாண்டப் பாக்குது."

"வலப்பக்கம் வளையுது எண்டா இடப்பக்கம் பாத்து அடிச்சாச் சரிதானே?"

எனக்கு அது நல்ல கணக்காகத்தான் பட்டது. பனங்கூடலைப் பார்த்து நின்று அடித்தேன். பந்து முன்னையைவிட மோசமாக வளைந்தது. இன்னும் இடப்பக்கம் திரும்பினேன், இன்னும் வளைந்தது. பொல்லு பந்தைக் குறுக்கே சீவிக்கொண்டு போகிறது, திரும்பி நிற்க நிற்கச் சீவல் கூடும் என்று பிற்பாடுதான் விளங்கியது. அன்று விளங்கவில்லை. சட்டத்துக்குப் பணிந்து பெரிய மண்டையைப் பைக்குள் வைத்தேன். அதை ஒரு மாதம் தொடவில்லை என்று பெருமையாகச் சொல்ல எனக்கு ஆசைதான். பத்து நாள் தொடவில்லை.

பதினோராவது நாள் அண்ணை தன் வாயைச் சும்மா வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் குட்டைப் பொல்லால் ஒரு நல்ல அடி அடித்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்கட ஆக்களுக்கு இது பழக்கமா இருக்க வேணுமே. நுவரெலியாவில துரைமாரின்ர பந்து பொறுக்கினது நீங்கள்தானே."

என் அம்மாவும் அப்பாவும் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து தர்மபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். நான் பிறந்தது இங்கேதான். இந்த மாதிரிப் பகிடியைப் பள்ளிக்கூடத்திலும் கேட்டிருக்கிறேன், கலியாண வீட்டிலும் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் கேட்காததுபோல் போய்விடுவேன். அன்று பொத்துக்கொண்டு வந்தது.

"பொறுக்கினவைக்குத்தான் அண்ணை தெரியும், அடிச்சவை எவ்வளவு மோசமா அடிச்சவை எண்டு" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து பெரிய மண்டையை இழுத்தெடுத்தேன். அவர் "தங்கச்சி, விடும்" என்று சொல்வதற்குள் அடித்துவிட்டேன்.

கோபத்தில் பிடித்த பிடி. கை இரண்டும் இறுகிப்போய் இருந்தன. அதுவரை நான் அடித்ததிலேயே பலமான அடி அதுதான், வளைந்ததிலும் அதுதான் முதலிடம். ரோட்டைத் தாண்டி, சிவப்புத் தடிகளைத் தாண்டி, உள்ளே முப்பது மீற்றர் அளவில் வெறும் மணலில் விழுந்து, உருண்டு, நின்றது. புல்லுக்குள் விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வெள்ளை மணலில் மினுங்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி கிடந்தது.

அண்ணை திரும்பிக் கூடாரங்களைப் பார்த்தார். பிறகு அண்ணை மெல்லச் சொன்னார்.

"ஒருத்தரும் பாக்கேல்லை. எங்கட லேன் என்னெண்டாலும் அந்தப் பக்கம் போகத்தான் போகுது. அப்ப எடுப்பம்."

அது எப்போது? இரண்டு மாதமாகலாம், மூன்று மாதமும் ஆகலாம். அந்த ரோட்டால் தினமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போய்வருகிறார்கள். அவர்களின் பள்ளிக்கூடத்துக்குப் போய், படம் காட்டி, "வடிவாக் கிடக்குது எண்டு ஒண்டையும் தொடக்கூடாது, சிவப்புத் தடிக்கு அங்கால காலே வைக்கக்கூடாது" என்று பாடம் சொன்னவள் நான். அந்த நானே வடிவான ஒரு பந்தைச் சிவப்புத் தடிக்கு அங்கால் போட்டிருக்கிறேன். சொன்னால் வேலை போகும். எங்கள் வேலையில் மன்னிக்கிற பிழைகள் குறைவு, இது அந்தப் பட்டியலில் இல்லை. மகள் உயர்தரம் படிக்கிறாள், வீட்டில் உழைப்பது நான் ஒருத்திதான்.

பஸ் வந்தது. எல்லாரும் ஏறினார்கள். உண்மையைச் சொல்கிறேன், நானும் படியில் ஒரு காலை வைத்தேன். அப்போது ரோட்டு வளைவில் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடம் விட்டுவிட்டது. காலைத் திரும்ப எடுத்தேன். "நீங்கள் போங்கோ, நான் பிறகு வாறன்" என்று சாரதியிடம் சொல்லிவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். பந்துக்கு நேரே, சிவப்புத் தடிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் கடந்து போனார்கள். சிலர் "ரீச்சர்" என்று கை காட்டினார்கள். நானும் காட்டினேன். கடைசிச் சைக்கிளும் போன பிறகு, நேரே வேலைத்தளப் பொறுப்பாளரின் கூடாரத்துக்குப் போனேன்.

அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர், ஒரு காலத்தில் என் அணியில் வேலை பழகியவர். நான் சொன்னதை முழுதும் கேட்டார்.

"அக்கா, நீங்களோ?"

"ஓம், நான்தான்."

"நீங்கள் சொல்லாமல் விட்டிருந்து நான் கண்டிருந்தால் அண்டைக்கே அனுப்பியிருப்பன். இப்ப என்ன செய்யிறதெண்டு எனக்கே தெரியேல்லை."

அவர் அறிக்கை எழுதினார். மேலிடத்திலிருந்து முடிவு வரும்வரை அணித் தலைவி என்ற பதவியும், கழுத்தில் தொங்கிய விசிலும் போயின. கோல்ஃப் பை களஞ்சியத்துக்குள் பூட்டப்பட்டது. அண்ணைக்கும் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. ரோட்டோரம் இன்னொரு வரிசைக் கயிறு கட்டினார்கள், பள்ளிக்கூட அதிபருக்கும் சொன்னார்கள். பொறுப்பாளர் வேலைத் திட்டத்தை மாற்றி, ரோட்டோரக் குற்றி ஒன்றிலிருந்து பந்தை நோக்கி நேரே ஒரு லேன் போடச் சொன்னார். அந்த லேனில் வேலை செய்வது யார் என்று அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. நான் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு போய் முழங்காலில் இருந்தேன்.

காலையில் லேன். ஒன்றரைக்குப் பிறகு ரோட்டுக் காவல், என் சொந்த நேரத்தில். பள்ளிக்கூடம் விட்டுப் போகிறவர்கள், பிறகு ரியூசனுக்குப் போகிறவர்கள், திரும்பி வருகிறவர்கள் என்று ஐந்தரை வரைக்கும் நின்றுவிட்டு, பெரிய ரோட்டுக்கு நடந்து போய்ப் பஸ் எடுப்பேன். ஞாயிறிலும் போனேன். மகள் கோபித்தாள். "ஒரு பந்துக்காக இவ்வளவோ அம்மா?" என்றாள். பந்துக்காக இல்லை என்று அவளுக்குத் தெரியும். எனக்காகத்தான் கோபித்தாள்.

மூன்றாம் நாள் அண்ணை வந்து என் பக்கத்தில் நின்றார். தன் பகிடிதான் எல்லாத்துக்கும் காரணம் என்று அவருக்கு உறுத்தல். அதை வாயால் சொல்ல அவரால் முடியவில்லை. தேத்தண்ணீர்ப் போத்தலை நீட்டினார், பிறகு தொலைபேசியை நீட்டினார்.

"முந்தி ஒருநாள் நீர் அடிக்கேக்க எடுத்தனான். இதை ஒருக்காப் பாரும்."

"எனக்கு இப்ப இதுதான் குறையாக் கிடக்குது" என்றேன். என்றாலும் பார்த்தேன்.

அவர் காணொளியை மெல்ல ஓடவிட்டு, பொல்லு பந்தைத் தொடும் இடத்தில் நிறுத்தினார். பொல்லின் முகம் முன்னால் பார்க்கவில்லை. வலப்பக்கம் திறந்து, கொஞ்சம் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தது. அதைத் தாண்டியும் அப்படியேதான். என் மணிக்கட்டு ஒரு இடத்திலும் புரளவில்லை. பூட்டுப் போட்டதுபோல இருந்தது.

"வலது கையைப் பாரும். அடிச்சாப்பிறகு அது இடது கைக்கு மேலால புரண்டு வரவேணும். உமக்குப் புரளுதே இல்லை. நீர் பந்தை அடிக்கேல்லை தங்கச்சி, நிலத்தைச் சோதிக்கிறீர்."

எனக்குச் சிரிப்பு வந்தது, மூன்று நாளுக்குப் பிறகு முதல் தரம். அவர் சொன்னது அப்படியே உண்மை. டிடெக்டரை ஆட்டும்போது அதன் தட்டு எந்த இடத்திலும் சரியக்கூடாது. இடக்கோடியிலும் வலக்கோடியிலும் நிலத்துக்கு ஒரே மட்டமாக இருக்க வேண்டும். சரிந்தால், அந்தச் சரிவுக்குக் கீழே கிடப்பது கேட்காமல் போய்விடும். பழகவந்த முதல் மாதம் முழுக்க எங்களுக்குச் சொல்லித் தந்தது இதைத்தான்: மணிக்கட்டைப் புரட்டாதே. பதினொரு வருடம் புரட்டவில்லை. அதனால்தான் நான் இன்றைக்கும் இருக்கிறேன். அதே மணிக்கட்டு பொல்லைப் பிடித்தாலும் புரள மறுத்தது. குட்டைப் பொல்லு இந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும். நீளப் பொல்லில் வேகம் கூட, பிழையும் கூடிப் பந்தைத் தூக்கி அங்கால் போட்டுவிடும்.

பொல்லு பூட்டிக் கிடந்தது. ரோட்டோரத்தில் தென்னை மட்டை கிடந்தது. காய்ந்த மட்டை ஒன்றை எடுத்து, ஓலை நரம்பைச் சீவி, பொல்லு அளவுக்கு வெட்டினேன். மட்டையில் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிவு. தட்டைப் பக்கம் எங்கே பார்க்கிறது என்று பார்த்தாலே கை புரண்டதா இல்லையா என்று தெரிந்துவிடும். காவலுக்கு நின்ற நேரமெல்லாம் வெறும் மட்டையை வீசினேன், பந்து இல்லாமல். அண்ணை காணொளிகளில் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னார். இடது கையை இன்னும் கொஞ்சம் மேலே சுற்றிப் பிடிக்க வேணும், குனிந்து பார்த்தால் இரண்டு மூன்று விரல் மூட்டுகள் தெரிய வேணும். பந்து இடது குதிக்கு நேரே இருப்பதாக நினைக்க வேணும். கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடிக்க வேணும், நசிக்கவும் கூடாது, பறக்கவும் விடக்கூடாது. வீசும்போது எழும் 'விஷ்' என்ற சத்தம் பந்தைத் தாண்டிய பிறகுதான் கேட்க வேணும்.

எனக்குச் சத்தம் எப்போதும் பந்துக்கு முன்னாலேயே கேட்டது. பிள்ளைகள் சைக்கிளை நிறுத்தி நின்று பார்த்துச் சிரித்தார்கள். ரீச்சருக்கு வெயில் பிடிச்சிட்டுது என்று ஒரு கதை ஊருக்குள் போனதாகக் கேள்விப்பட்டேன். போகட்டும் என்று விட்டேன். சிரிக்கிற பிள்ளைகள் என்னைத்தான் பார்த்தார்கள், எனக்குப் பின்னால் கிடந்த பந்தைப் பார்க்கவில்லை. அது எனக்கு வாய்ப்பாகத்தான் இருந்தது.

இரண்டாம் கிழமை ஒருநாள் காலை, லேனில் டிடெக்டரை ஆட்டிக்கொண்டிருந்தபோது, வலக்கோடியிலிருந்து திரும்பும் இடத்தில் என் மணிக்கட்டு லேசாகப் புரண்டது. தட்டு ஒரு விரல் அளவு சரிந்திருக்கும். ஒரு விரல்தான். வேலையை நிறுத்தி, பின்னால் வந்து, முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் இருந்தேன். நான் இருந்த இடத்திலிருந்து பந்துக்கு இன்னும் பாதிக்கு மேல் தூரம் கிடக்கிறது, நான் விளையாட்டுக்குப் பழகிய கையோடு உள்ளே போகிறேன். மட்டையை எரித்துவிடலாமா என்றும் யோசித்தேன்.

எரிக்கவில்லை. பதிலுக்கு எனக்கே ஒரு சட்டம் போட்டேன். முகக்கவசம் தலையில் இருக்கும்வரை பொல்லைப் பற்றி நினைக்கவும் கூடாது. வேலை முடிந்து, கவச அங்கியைக் கழற்றி, கையை முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகுதான் மட்டை. காலையில் லேனுக்குள் போகுமுன், வெறும் நிலத்தில் டிடெக்டரை இருபது தரம் ஆட்டிப் பார்த்து, தட்டு சரியவில்லை என்று கண்ணால் கண்ட பிறகுதான் உள்ளே போவேன். அதற்குப் பிறகு ஒருநாளும் புரளவில்லை. வீட்டில் மலையகப் பேச்சும் வெளியில் வன்னிப் பேச்சுமாக வளர்ந்த எனக்கு, ஒரு கையில் இரண்டு பழக்கம் வைத்திருப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.

லேன் பத்தாவது மீற்றரைத் தாண்டியபோது டிடெக்டர் கத்தியது. இது ஆணி இல்லை என்று சத்தத்திலேயே விளங்கியது. பக்கவாட்டால் கிண்டிக்கொண்டு போனேன். சின்ன, வட்டமான, மண்ணிறப் பெட்டி. மிதிவெடி. அடையாளம் வைத்துவிட்டுப் பொறுப்பாளரைக் கூப்பிட்டேன். இருபத்திரண்டாவது மீற்றரில் இன்னொன்று, பந்தைப் பார்த்து நடந்தால் கால் வைக்கிற இடத்தில். நான் எடுத்த மிதிவெடிகளின் தொகையை நான் வைத்திருப்பதில்லை. இந்த இரண்டையும் மட்டும் மறக்கவில்லை. ரோட்டில் இருந்து பந்துவரைக்கும் ஒரு கோடு கிழித்தால், கோட்டின் மேலேயே இரண்டும் இருந்தன.

மூன்று கிழமையில் பந்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அதற்கு மேலே டிடெக்டரை ஆட்டினேன். அது ஒன்றும் சொல்லவில்லை, பந்தில் இரும்பு இல்லையே. சுற்றிவரப் பார்த்து முடித்துவிட்டுக் கையில் எடுத்தேன். வெயிலில் சுட்டது. எடுத்துப் பின்னால் கொண்டுவந்து பொறுப்பாளரின் மேசையில் வைத்தேன். அவர் அதை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். அன்று வீட்டுக்குப் போய் இரண்டு கோப்பை சோறு தின்றேன். மகள் மீன்குழம்பை என் பக்கம் தள்ளிவைத்தாள்.

மேலிடத்து முடிவும் வந்தது. தானாக வந்து சொன்னதால் வேலை தப்பியது. மூன்று மாதம் கழித்து விசிலும் திரும்பக் கிடைத்தது. நாங்கள் அந்தப் பக்கத்து நிலம் முழுவதையும் முடித்தோம். கடைசிச் சிவப்புத் தடியையும் பிடுங்கி, மண்டையோட்டுப் பலகையைக் கழற்றிய அன்று, காணிக்காரருக்குக் கையளிக்கும் நிகழ்ச்சி. கதிரை போட்டு, பந்தல் போட்டு, பொரித்த பற்றிஸும் தேத்தண்ணீரும் கொடுத்தார்கள். ஊர்ச்சனம் எல்லாம் வந்தது. பேச்சுகள் முடிந்த பிறகு பொறுப்பாளர் களஞ்சியத்துக்குப் போய்க் கோல்ஃப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"இனி வலப்பக்கம் போனாலும் ஒண்டுமில்லை அக்கா. ஆனா ஒரே ஒரு பந்துதான்."

லாச்சிக்குள் பூட்டிய அதே பந்து. பெரிய மண்டையை எடுத்தேன். பந்தை இடது குதிக்கு நேரே வைத்தேன். கை இறுகுகிறதா என்று பார்த்தேன், இறுகத்தான் பார்த்தது, தளர்த்தினேன். ஊரே பார்க்கிறது, அண்ணை தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வீசினேன். வலது கை இடது கைக்கு மேலால் புரண்டது எனக்குத் தெரிந்தது. சத்தம் பந்தைத் தாண்டிய பிறகு கேட்டது. பந்து எழும்பியது, நேராகப் போனது, பாதி வழி வந்தது. அது வளையவில்லை. சரியாகச் சொன்னால், விழும்போது கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தது. தோட்டத்தின் கடைசிக் குற்றிக்குக் கிட்டப் போய் நின்றது.

"பொறுக்கப் போறது நான்" என்றார் அண்ணை. அந்தப் பகிடிக்கு அவர் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

அவர் பந்தை எடுக்கப் போன நேரம், ஒரு பிள்ளை சைக்கிளை உருட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். ஆறாம் ஏழாம் வகுப்புப் படிக்கிற வயது, இரட்டைப் பின்னல். காவலுக்கு நின்ற நாட்களில் சிரித்துக்கொண்டு போனவர்களில் ஒருத்தி.

"ரீச்சர், அது அந்தப் பந்தோ? அங்கால கிடந்தது?"

"ஓம். நீ கண்டனியோ?"

"முதல் நாளே கண்டனான். நான்தான் எல்லாருக்கும் முன்னுக்கு வந்தனான். சைக்கிளை அந்தக் குற்றியில சாத்திப்போட்டு, போய் எடுப்பம் எண்டு தடியைத் தாண்டக் காலைத் தூக்கினனான். அப்ப நீங்கள் ஓடி வந்தியள். அடிப்பியள் எண்டு நினைச்சுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போட்டன்."

"எந்தக் குற்றி?"

அவள் விரலை நீட்டினாள். நாங்கள் லேன் தொடங்கிய குற்றி. அங்கிருந்து பந்து கிடந்த இடத்துக்கு அவள் விரல் நேரே போனது, பத்தாவது மீற்றரைக் கடந்து, இருபத்திரண்டாவது மீற்றரைக் கடந்து.

அன்று ரோட்டுக்கு ஓடும்போது நான் அவளைப் பார்க்கவே இல்லை. அவள் முதுகை மட்டும் பார்த்திருப்பேன், போகிற பிள்ளைகளில் ஒன்று என்று நினைத்திருப்பேன். இப்போது முன்னால் நிற்கிறாள், பற்றிஸ் தின்ற எண்ணெய் வாயில் மினுங்க. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பள்ளிக்கூடத்தில் வந்து என்ன சொன்னனான், காது எங்க கிடந்தது, கொம்மாவிட்டச் சொல்லட்டோ என்று ஊர் கேட்கத் திட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். திட்டி முடிக்கவில்லை. பொல்லைக் கீழே போட்டுவிட்டு அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ரீச்சர், நான் போகட்டோ, அம்மா தேடுவா" என்றாள்.

விட்டேன். அவள் சைக்கிளில் ஏறி, அந்தக் கிரவல் ரோட்டால் இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு போனாள். வளைவு தாண்டும்வரை நான் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.